தராசில் தப்பில்லை

புதிதாக மேற்பார்வையாளர் பணிக்கு வந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். ஓய்வு பெற்றவர்களிடம் இப்படிக் கேட்பது ஆபத்து. நான் முதலில் எழுதியது பதினோரு பக்கம் வந்தது. நான் சீர்படுத்திய அங்கன்வாடிகள், நான் காப்பாற்றிய குழந்தைகள், எனக்குக் கிடைத்த கேடயம் எல்லாம் அதில் இருந்தன. படித்துப் பார்த்த என் வீட்டுக்காரர், "இம்புட்டும் நீயே செஞ்சுட்டியா? மத்தவுகளுக்கு ஒண்ணும் மிச்சம் வைக்கலையே" என்றார். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

பதிவேடு எழுதுவதையும் செல்போனில் எடையை ஏற்றுவதையும் பயிற்சியிலேயே சொல்லித் தந்துவிடுவார்கள். நான் சொல்லப்போவது என் சர்வீஸில் நான் செய்த மிகப் பெரிய முட்டாள்தனத்தை. அதை முட்டாள்தனம் என்று சொல்வதே எனக்கு நானே கொடுத்துக்கொள்ளும் சலுகை. அதற்கு வேறு பெயர் உண்டு. படித்து முடித்ததும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வுக்கு இன்னும் ஒன்றரை வருடம் இருந்த நேரம். ஒட்டன்சத்திரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களின் அங்கன்வாடி மையங்கள் என் பொறுப்பில் இருந்தன. வீடு திண்டுக்கல்லில். தினமும் பஸ்ஸில் போய்வருவேன். அந்தப் பக்கத்துத் தாய்மார்கள் என்னைப் 'பெரிய மேடம்' என்பார்கள். பதவியால் வந்த பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். குரலால் வந்தது என்று பிற்பாடுதான் தெரிந்தது. மாதாமாதம் குழந்தைகளுக்கு எடை பார்க்கும் நாளில் ஏதாவது ஒரு மையத்துக்குப் போய், பிள்ளைகளுக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று முக்கால் மணி நேரம் பேசுவேன். "பாக்கெட் தின்பண்டம் வாங்கிக் குடுக்குறது பிள்ளை மேல பாசம் இல்ல, சோம்பேறித்தனம்" என்ற வரி வரும்போது குரல் தானாக ஏறும். தாய்மார்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். அதை நான் திருந்துகிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். வேலைக்கு நேரமாகிறது என்று அவர்கள் கடிகாரம் பார்த்தது எனக்குத் தெரியவில்லை.

அப்போது என் மகள் வயிற்றுப் பேத்தி ஜெனி எங்களோடு இருந்தாள். மூன்று வயது. மகளும் மருமகனும் பெங்களூரில் வேலை மாறிக்கொண்டிருந்ததால் ஒரு ஆறு மாதத்துக்கு எங்களிடம் விட்டிருந்தார்கள். நான் பணிக்குப் போய்விட்டால் என் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார். உருண்டைக் கன்னம். தெருவில் பார்ப்பவர்களெல்லாம், மேடம் வளர்ப்பென்றால் சும்மாவா என்பார்கள். நானும் அதை மறுத்ததில்லை.

ஒரு எடை பார்க்கும் நாளில் ஜெனியையும் கூட்டிக்கொண்டு ஒட்டன்சத்திரம் பக்கத்து மையம் ஒன்றுக்குப் போனேன். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று சொல்லிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் வீட்டில்தான் இருந்தார். பிள்ளை எப்படி இருக்க வேண்டும் என்று தாய்மார்களுக்குக் காட்டத்தான் கூட்டிப் போனேன். புது கவுன், வெள்ளை ஷூ, தலையில் இரண்டு ரிப்பன்.

அந்த மையத்துப் பணியாளரைத் தாய்மார்கள் டீச்சர் என்று கூப்பிடுவார்கள். நானும் இங்கே அப்படியே சொல்கிறேன். அதிகம் பேசாதவர். எடை பார்ப்பதற்கு முன் ஒவ்வொரு குழந்தையின் உடுப்பையும் கழற்றி மடித்து வைப்பார். நேரம் வீணாகிறது என்று அதற்காக இரண்டு முறை அவரைக் கடிந்திருக்கிறேன்.

அன்றைக்கு வந்தவர்களில் மகேஸ்வரியும் ஒருத்தி. இருபத்து மூன்று வயது இருக்கும். தக்காளிக் காட்டுக்குப் பறிக்கப் போகிறவள். அவள் வீட்டுக்காரர் காய்கறி மார்க்கெட்டில் கேரளா லாரிகளுக்கு மூட்டை ஏற்றுகிறவர். அவர்களுடைய ஒரே மகள் யாழினிக்கு இரண்டு வயது முடிந்து இரண்டு மாதம். தராசில் உட்கார வைத்ததும் வீறிட்டு அழுதாள். ஏழு கிலோ எண்ணூறு. டீச்சர் கையைச் சுற்றி அளக்கும் நாடாவையும் வைத்துப் பார்த்தார். அதுவும் சிவப்பில் நின்றது. சிவப்பு என்றால் உடனே டாக்டரிடம் அனுப்ப வேண்டும். உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

பிள்ளைக்கு என்ன கொடுக்கிறாய் என்று மகேஸ்வரியைக் கேட்டேன்.

"சோறும் ரசமுந்தானுங்க. ஒரு மாசமா வயித்தால போயிட்டே இருக்குதுங்க, எது குடுத்தாலும் நிக்க மாட்டேங்குது."

முதல் வாக்கியம் என் காதில் விழுந்தது. இரண்டாவது விழவில்லை. ரசத்தில் என்ன சத்து இருக்கிறது என்று ஆரம்பித்துவிட்டேன். சந்தைக்கு லாரி லாரியாகக் காய் வருகிற ஊரில் இருந்துகொண்டு பிள்ளைக்கு ரசம் ஊற்றுகிறாயே என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். அவள் குழந்தையின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் பேச்சு முடிகிற இடத்தில் ஒரு கைத்தட்டல் மட்டும் குறை என்று தோன்றியது. அதனால், "இப்ப எங்க ஜெனியப் பாருங்க" என்று அவளைத் தூக்கித் தராசில் வைத்தேன்.

டீச்சர் ஷூவைக் கழற்றச் சொன்னார். இருக்கட்டும் என்றேன்.

டீச்சர் எண்ணைப் பார்த்தார். பிறகு குனிந்து இன்னொரு தடவை பார்த்தார். ஷூவோடு சேர்த்துப் பத்து கிலோ அறுநூறு. சுவரில் இருந்த வளர்ச்சி அட்டையை எப்படிப் படிப்பது, பச்சை என்றால் சரி, மஞ்சள் என்றால் எடை குறைவு என்று அந்தத் தாய்மார்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். நன்றாகவே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பின்வரிசையிலிருந்து ஒருத்தி, "மஞ்சளுங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் ஒருவேளை நான் தப்பித்திருப்பேன்.

"தராசு சரியில்ல" என்றேன்.

போன வாரம்தான் எடைக்கல் வைத்துச் சரிபார்த்ததாக டீச்சர் சொன்னார். நான் அதைக் காதில் வாங்காமல் தராசைத் தட்டிப் பார்த்தேன், தரை சாய்ந்திருக்கிறதா என்று பார்த்தேன், பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். ஒரு அதிகாரி ஒரு பொருளைப் பழுது என்று நிரூபிக்க என்னவெல்லாம் செய்வாரோ அதெல்லாம் செய்தேன்.

டீச்சர் கேட்டார், "அப்ப யாழினி எடையும் தப்புங்களா மேடம்?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். யாழினியின் எடை சரி என்றால் ஜெனியின் எடையும் சரி. அந்தக் குழந்தையின் கையை நானும்தான் பார்த்தேன். குச்சி மாதிரி இருந்தது. தராசே இல்லாவிட்டாலும் கண் சொல்லிவிடும். ஆனால் என் கண் அப்போது பின்வரிசையில் இருந்தது.

"எல்லாமே தப்புதான்" என்றேன்.

"நாடா?"

"அது பழசு. இழுத்து இழுத்து நைஞ்சு போயிருக்கும்."

இந்த மாத எடைகள் செல்லாது, கருவி பழுது என்று பதிவேட்டில் என் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அழகான கையெழுத்து என் கையெழுத்து. மகேஸ்வரியின் முகம் தெளிந்துவிட்டது. பல் வருகிற நேரம், அதனால் வயிற்றால் போகிறது என்று மாமியாரும் சொன்னாராம். அரைநாள் கூலியாவது கிடைக்கும் என்று குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு காட்டுக்குக் கிளம்பிப் போனாள். நான் தராசை ஒரு பையில் போட்டுப் பழுது பார்க்க எடுத்துக்கொண்டு திண்டுக்கல் பஸ் ஏறினேன். வழியில் ரெட்டியார்சத்திரம் வருவதற்குள் தராசு பழுதுதான் என்று நானே நம்பிவிட்டேன்.

பத்து நாளில் தராசு ஒட்டன்சத்திரத்தில் இருந்த என் அலுவலகத்துக்குத் திரும்பி வந்தது. பழுது எதுவும் இல்லை என்று ஒரு சீட்டு அதில் ஒட்டியிருந்தது. அதை என் மேஜைக்கு அடியில் தள்ளி வைத்தேன். மையத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்க நேரமில்லை என்பது என் சமாதானம். அதே வாரத்தில் இரண்டு கல்யாணத்துக்குப் போய்வந்தேன்.

எடை பார்த்து மூன்று வாரம் ஆனபோது, முற்பகலில் டீச்சர் போனில் கூப்பிட்டார். யாழினியின் இரண்டு பாதமும் வீங்கியிருக்கிறது, பெருவிரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கிறது என்றார். மனது கேட்காமல் தாயையும் பிள்ளையையும் ஒரு காய்கறிக் கமிஷன் கடைக்குக் கூட்டிப்போய் அங்கிருந்த தராசில் எடை பார்த்திருக்கிறார். வீக்கத்தோடு சேர்த்தும் முன்னதைவிட இருநூறு கிராம் குறைவு. பெரியாஸ்பத்திரிக்குப் போகலாம் என்று இரண்டு நாளாகக் கெஞ்சுகிறார். மகேஸ்வரி வர மறுக்கிறாள். அது தக்காளி போடுகிற தராசு, பிள்ளைக்குச் சரியாக வராது என்கிறாளாம்.

"உங்க பேச்சத்தானுங்க மேடம் திருப்பித் திருப்பிச் சொல்லுது. பெரிய மேடமே தராசு தப்புன்னாங்க, அவுங்க பேத்திக்கே தப்பாத்தானே காட்டுச்சுங்குது. நான் சொன்னா எடுபடலைங்க."

டீச்சர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை.

உடனே கிளம்பினேன் என்று சொல்ல ஆசைதான். முதலில் ஐந்து நிமிடம் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தேன். என்ன யோசித்தேன் தெரியுமா? குழந்தையைப் பற்றி இல்லை. இதில் என் பெயர் கெடாமல் எப்படி வெளியே வருவது என்று. நல்ல வழியும் கிடைத்தது. மேஜைக்கு அடியில் தராசு இருக்கிறதே. பழுது பார்த்தாகிவிட்டது, இப்போது சரியாகக் காட்டும் என்று சொல்லி மறுபடி எடை பார்த்தால் மகேஸ்வரி நம்பிவிடுவாள், குழந்தையும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடும், யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம். அந்தச் சீட்டைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். தராசை எடுத்துக்கொண்டு ஒரு ஆட்டோ பிடித்தேன். வழியெல்லாம் அந்த வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

மகேஸ்வரியின் வீட்டு வாசலில் டீச்சர் நின்றிருந்தார். மகேஸ்வரி அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. வேப்ப மரத்தடியில் குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் ஒத்திகை பார்த்தபடியே சொன்னேன். தராசைத் தரையில் வைத்தேன். டீச்சர் குழந்தையின் சட்டையைக் கழற்றி அதில் உட்கார வைத்தார்.

மூன்று வாரத்துக்கு முன்னால் மையமே அதிர அழுத குழந்தை இப்போது அழவில்லை. உட்கார வைத்த மாதிரியே தலையைத் தொங்கவிட்டுக்கொண்டு இருந்தது. ஒரு ஈ உதட்டில் உட்கார்ந்தது. அதைக்கூட விரட்டவில்லை. பிள்ளை அழுதால் எரிச்சல்படாதீர்கள். அழாத பிள்ளையைப் பார்த்துப் பயப்படக் கற்றுக்கொள்ளுங்கள்.

ஏழு கிலோ அறுநூறு. மகேஸ்வரி குனிந்து பார்த்தாள்.

"தக்காளித் தராசு காட்டுன மாதிரியேதானுங்க காட்டுது. அப்ப இன்னும் ரிப்பேர் சரியாகலைங்க மேடம்."

அவள் என்னைக் கிண்டல் செய்யவில்லை. என்னை நம்பித்தான் சொன்னாள். நான் டீச்சரைப் பார்த்தேன். ஏதாவது சொல்லிக் காப்பாற்றுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் குழந்தைக்குச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை. எத்தனையோ தடவை என்னைக் காப்பாற்றியவர், அன்றைக்குக் காப்பாற்றாமல் இருந்ததுதான் அவர் எனக்குச் செய்த பெரிய உதவி.

நான் தரையில் உட்கார்ந்தேன். முழங்கால் வலியால் தரையில் உட்கார்ந்தே பல வருடம் ஆகியிருந்தது.

"மகேஸ்வரி, தராசு அன்னைக்கும் சரியாத்தான் இருந்துச்சு. அதுல ரிப்பேரே இல்ல. எம்பேத்தி எடை கொறஞ்சிருக்குன்னு எனக்கு வெக்கமாப் போச்சு. அதுக்காகப் பொய் சொல்லிட்டேன். உம்பிள்ளைய அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கணும்."

அவள் குழந்தையின் பாதத்தைத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப இந்த மூணு வாரமுங்க?" என்றாள்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவள் வேறொன்று கேட்டாள். உங்கள் பேத்தியை டாக்டரிடம் காட்டினீர்களா என்றாள். இல்லை என்றேன்.

"ஏனுங்க?"

"அவளுக்கு ஒண்ணும் இருக்காதுன்னு நெனச்சுக்கிட்டேன்."

"நானும் அப்படித்தானுங்க நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனாள். போர்வையும் இரண்டு மாற்றுத்துணியும் ஒரு கட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தாள். ஆட்டோவில் ஏறும்போது திரும்பி, "நாளைக்கு நீங்களும் உங்க பிள்ளையக் கூட்டிட்டு வாங்க. ரெண்டையும் காட்டிருவோம்" என்றாள். என்னிடம் கேட்கவில்லை, சொன்னாள்.

திண்டுக்கல் பெரியாஸ்பத்திரியில் எடை குறைந்த குழந்தைகளுக்கென்று இருக்கும் வார்டில் யாழினியை அன்று மதியமே சேர்த்துக்கொண்டார்கள். குடலில் தொற்று. ஒரு மாதமாகச் சாப்பிட்டது எதுவும் உடம்பில் தங்கவில்லை. ரசத்துக்குப் பதிலாக நான் சொன்ன காய்கறி அத்தனையும் ஊட்டியிருந்தாலும் அதேதான் நடந்திருக்கும். முன்பு எடை பார்த்தது எப்போது என்று டாக்டர் கேட்டார். சொன்னேன். அப்போதே ஏன் கொண்டுவரவில்லை என்றார். அதையும் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். இரண்டு நாள் கழித்துத்தான் சொல்ல முடியும் என்றார். அந்த இரண்டு நாளும் நான் சாப்பிட்டதாக நினைவில்லை.

மறுநாள் ஜெனியோடு போனேன். உணவு ஆலோசனை சொல்லும் நர்ஸின் அறைக்கு வெளியே பெஞ்சில் வரிசையாகத் தாய்மார்கள். மகேஸ்வரி எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். யாழினி அழுததாகச் சொன்னாள். ஊசி போடும்போது நன்றாக அழுதாளாம். நாங்கள் இரண்டு பேரும் அதற்குச் சந்தோஷப்பட்டோம்.

எங்கள் முறை வந்தது. அந்த நர்ஸ் பெண்ணுக்கு உங்கள் வயதுதான் இருக்கும். பிள்ளைக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று அவள் கேட்கவில்லை. நேற்று எழுந்ததிலிருந்து தூங்கும் வரை என்ன சாப்பிட்டாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அதற்கு எந்தப் புத்தகத்தைப் பார்த்தும் பதில் சொல்ல முடியாது. காலையில் டப்பா பவுடர் கலந்த பால் ஒரு டம்ளர். பத்து மணிக்கு பிஸ்கட் ஒரு பாக்கெட். மதியம் டிவி முன்னால் தயிர்சாதம் நாலு வாய். சாயங்காலம் சிப்ஸ். ராத்திரி மறுபடியும் பால். முட்டை கொடுப்பதில்லையா என்றாள். வாசனை பிடிக்காது என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே அது வேறு யாரோ ஒரு வீட்டுக் கதை மாதிரி இருந்தது. பால் குடித்தே வயிறு நிறைந்துவிடுகிறது, அப்புறம் சோறு எப்படி இறங்கும் என்று அவள் பொறுமையாக விளக்கினாள். பாக்கெட் தின்பண்டத்தைப் பற்றியும் சொன்னாள். என்னைவிடச் சுருக்கமாக, குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

கடைசியில், "நீங்க என்ன வேலை பாக்குறீங்கம்மா?" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து மகேஸ்வரி, "ஆபீஸ் வேலைங்க. நேரமே கிடைக்காது, பாவம்" என்றாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. அந்த மாதிரி என்னை யாரும் விட்டுக்கொடுக்காமல் பேசியதும் இல்லை, அந்த அளவுக்கு எனக்கு உறைத்ததும் இல்லை.

நடந்ததை முழுதும் எழுதி எங்கள் திட்ட அலுவலரிடம் கொடுத்தேன். விளக்கம் கேட்டு மெமோ வந்தது. நியாயமான மெமோ. அதைப் பற்றி இங்கே அதிகம் சொல்வதற்கில்லை. அதற்குப் பிறகு நான் முக்கால் மணி நேரம் பேசுவதை விட்டுவிட்டேன். அந்த நர்ஸ் கேட்ட கேள்வியைத் திருடிக்கொண்டேன். நேற்று என்ன சாப்பிட்டது என்று கேட்டுவிட்டு, தாய் பேசி முடிக்கும் வரை வாயை மூடிக்கொண்டிருப்பேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டமான வேலை என்று என் வீட்டுக்காரரைக் கேட்டால் தெரியும். அப்படிக் கேட்டபோதுதான் பல விஷயம் தெரிய வந்தது. காலை ஆறு மணிக்குக் காட்டுக்கு வண்டி வந்துவிடும், அதற்குள் உலை வைத்து இறக்கவே நேரம் போதாது, மதியம் பிள்ளைக்கு ஊட்ட ஆள் இல்லை. நான் சோம்பேறித்தனம் என்று சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான். டீச்சர் தன் மையத்தில் காலையில் சீக்கிரமே கதவைத் திறந்து, சத்துமாவைக் காய்ச்சி முதலில் கொடுக்க ஆரம்பித்தார். என்னிடம் அனுமதி கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று நானும் கேட்கவில்லை.

யாழினி மூன்றாம் வாரம் வீட்டுக்கு வந்தாள். அதற்குள் பாதம் வடிந்து, தானாக எழுந்து நின்றாள். ஜெனியை நான் அந்தப் பக்கம் போகும் நாளெல்லாம் கூட்டிப்போய் மையத்துப் பிள்ளைகளோடு பந்தியில் உட்கார வைத்தேன். முட்டை வாசனை பிடிக்காத பெண், பக்கத்துத் தட்டில் இருக்கும் முட்டையைப் பறித்துத் தின்றாள்.

இரண்டு மாதம் கழித்து எடை பார்க்கும் நாள். அதே மையம். யாழினி தராசில் உட்கார்ந்ததும் டீச்சர் எண்ணைச் சத்தமாகப் படித்தார். ஒன்பது கிலோவை நெருங்கியிருந்தாள். சிவப்பை விட்டு மஞ்சளுக்கு வந்துவிட்டாள். மகேஸ்வரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்து ஜெனி. வெறுங்காலோடு, உள்ளாடையோடு உட்கார வைத்தேன். பத்து கிலோ எழுநூறு. அவளும் மஞ்சளில்தான் நின்றாள்.

என் முகம் எப்படிப் போயிற்றோ தெரியவில்லை. மகேஸ்வரி எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"வெசனப்படாதீங்க மேடம். போகப் போக ஏறும்ங்க. எம்பிள்ளைக்கும் மொதல்ல இப்படித்தான் எடை அசையவே மாட்டேன்னுச்சு."

பிறகு மற்ற தாய்மார்கள் கேட்கும்படி, பாசிப்பயறை வறுத்து வேகவைத்து நெய் விட்டு எப்படி மசிக்க வேண்டும், பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டால் எவ்வளவு நேரம் கழித்து மறுபடி ஊட்ட வேண்டும் என்று எனக்கு நிதானமாக விளக்கிச் சொன்னாள். நான் குறுக்கே பேசவில்லை. கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து எழுதிக்கொண்டேன்.